உழைப்புக்கும் மதிப்பெண் உண்டு
(காளவாசலில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கின்றது. இதனைத் தொடங்கிய பெரியவர்கள் முன் அன்று நின்ற கேள்வி, பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு முடியும்வரை பள்ளியில் இருத்துவது எவ்வாறு என்பதே. மாலை வகுப்பு நடத்தியும், தேர்வுக் கட்டணம் கட்டியும், வீடு வீடாகச் சென்று தாய் தந்தையரிடம் எடுத்துச் சொல்லியும் அவர்கள் அந்தக் கேள்விக்கு விடை கண்டார்கள். இன்று இந்த அவையில் முதுகலை பயில்வோரும், சட்டம் பயில்வோரும், ஆசிரியர் கல்வி பயில்வோரும் வரிசையாக அமர்ந்திருக்கக் காண்கிறேன். இவர்களுடைய கேள்வி வேறு. பட்டம் பெறுவதற்குப் பாடநூலும் தேர்வும் மட்டும் போதாது, பணிக்களத்திற்குச் சென்று பயிற்சி பெற்று அதற்கும் மதிப்பெண் ஈட்டவேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் விதித்திருக்கின்றன. இதனை மாணவர்கள் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். நாம் பணிப்பயிற்சி என்போம். இப்பயிற்சியைப் பற்றி நம் வீடுகளில் பேசுவார் இல்லை. ஆகவேதான், களப்பணி மேற்பார்வையாளனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்தின் பெயர் காளவாசல். காளவாசல் என்பது நம் பக்கத்தில் செங்கல் சுடும் சூளையைக் குறிக்கும் சொல். அச்சில் அறுத்த பச்சைக்கல் பார்வைக்கு முழுக்கல்லாகவே இருக்கும். ஒரு மழைக்குத் தாங்காது. சூளையில் வெந்து வந்த கல்தான் சுவரைத் தாங்கும். வகுப்பறை நமக்கு அச்சு, பணிக்களம் சூளை. ஆனால் சூளைக்காரர்கள் அறிந்த இன்னோர் உண்மையும் உண்டு. தீ போதாவிட்டால் கல் அரைவேக்காடாகும். தீ மிஞ்சினால் கல் கோணி, ஒன்றோடொன்று ஒட்டி, எதற்கும் உதவாத கட்டியாகும். எனவே, பயிற்சிக்குப் போனாயா என்று கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. எந்த இடத்திற்குப் போனாய், அங்கே என்ன வேலை கொடுத்தார்கள், யார் உன்னை மதிப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

முதலில் கணக்கைத் தெளிவுபடுத்துகிறேன். பல்கலைக்கழகப் படிப்பு இன்று கிரெடிட் என்னும் அளவால் அளக்கப்படுகின்றது. மதிப்பலகு என்று இதனைத் தமிழில் சொல்வோம். நெல்லுக்கு மரக்கால் எப்படியோ, படிப்புக்கு மதிப்பலகு அப்படி. இத்தனை மதிப்பலகு சேர்ந்தால் இன்ன பட்டம் என்று விதி இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்காக வெளியிட்ட கட்டமைப்பின்படி, வகுப்பறை விரிவுரை 15 மணி நேரம் நடந்தால் ஒரு மதிப்பலகு. ஆய்வுக்கூடம், களப்பணி, பணிப்பயிற்சி ஆகியவற்றில் 30 மணி நேரம் உழைத்தால் ஒரு மதிப்பலகு. நான்கு மதிப்பலகு பெற 120 மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் அது இருபது வேலை நாள். முதுகலையில் எத்தனை மதிப்பலகு, எத்தனை வாரம் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதிமுறை வகுத்திருக்கும். விடுமுறைப் பயிற்சிக்கு இரண்டு மதிப்பலகு மட்டும் தரும் பாடத்திட்டங்களும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் களப்பணியை ஒரு தனித் தாளாகவே வைத்திருக்கும் சமூகப்பணி போன்ற படிப்புகளும் உண்டு.

களத்தில் இரண்டு மணி நேரம் பாடுபட்டால் வகுப்பறையின் ஒரு மணி நேரத்திற்குச் சமமா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். விரிவுரை கேட்ட மாணவர் வீட்டில் அமர்ந்து அதே அளவு நேரம் படிக்கிறார் என்று கொண்டு அக்கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பது அதற்கு விளக்கம். ஆயினும் அந்தக் கேள்வி நம் பிள்ளையின் வாயிலிருந்து வந்ததில் எனக்கு வியப்பில்லை. கழனியிலும் சூளையிலும் ஆலையிலும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையில் எவ்வளவு அறிவு செறிந்திருந்தது! மண்ணின் பதம் பார்ப்பது, தீயின் அளவு பார்ப்பது, நீரின் போக்குப் பார்ப்பது ஆகிய எதனையும் எந்தக் கல்விக்கூடமும் அறிவென்று பதிவு செய்ததில்லை. உழைப்பு நம்முடையதாகவும் மதிப்பெண் பிறருடையதாகவும் இருந்த நாட்டில், செய்த வேலைக்கு இன்று பல்கலைக்கழகமே மதிப்பெண் தருகிறேன் என்கின்றது. இந்த ஏட்டிலாவது நம் பெயர் ஒழுங்காக எழுதப்பட வேண்டும் என்பதே என் உரையின் உட்பொருள்.

வேலையும் படிப்பும் கலந்த இம்முறை புதிதாகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 1906ஆம் ஆண்டில், பொறியியல் மாணவர்கள் சில காலம் வகுப்பிலும் சில காலம் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் பயிலும் திட்டத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் 1936ஆம் ஆண்டு பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புச் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று 1944 முதல் வழங்கப்பெறுவது அதுவே. அதன் முதல் இயக்குநரான கிளிஃபர்ட் மான்ஷார்ட், நாக்பாடா என்னும் நெருக்கடி மிக்க தொழிலாளர் பகுதியில் மக்கள் நலக் கூடம் நடத்தியவர். எனவே இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி பிறக்கும்போதே களத்தோடு பிறந்தது எனலாம். சென்னையில் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் 1952இல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. நம் மதுரையில் அழகர்கோவில் சாலையில் உள்ள சமூக அறிவியல் கல்லூரி 1965இல் தொடங்கப்பெற்றது. சமூகப்பணி முதுகலை மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாட்கள் களத்திற்குச் செல்வதும், ஊரக முகாமில் தங்குவதும், இறுதியில் ஒரு மாத காலம் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து பணியாற்றுவதும் இப்படிப்பின் வழக்கமான அமைப்பு. அருகிலே சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமத்தில் 1956இல் ஊரக உயர்கல்வி தொடங்கப்பெற்றது. அங்கே மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி மக்களோடு வேலை செய்வது பாடத்தின் ஒரு கூறு.

பிற துறைகளையும் பாருங்கள். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2014இல் வகுத்த ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கியபோது, பள்ளிகளில் 20 வாரப் பயிற்சியை அதனுள் வைத்தன. இந்திய வழக்குரைஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகளின்படி மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் பயிற்சி கட்டாயம். ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியின் மாணவர்கள் கிராமத்தில் தங்கி உழவர்களிடம் பயில்வது பட்டத்திற்கான மதிப்பலகில் சேரும். மருத்துவம் முடித்தவர்கள் ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு பணியாற்றாமல் மருத்துவராகப் பதிவு பெற முடியாது. ஆக, நம் பிள்ளை எந்தத் துறையில் சேர்ந்தாலும் பணிக்களத்தின் வாயிலை ஒருநாள் தட்டியே ஆகவேண்டும்.

அந்த வாயிலில் நமக்கு என்ன காத்திருக்கும் என்பதற்கு, அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்விலேயே சான்று இருக்கின்றது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்று, இலண்டனிலும் பயின்று, 1917இல் அவர் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பினார். நிதித்துறைப் பொறுப்புக்கு அவரை உயர்த்த மன்னர் எண்ணியிருந்தார். அதற்கு முன் நிர்வாக அனுபவம் பெறட்டும் என்று இராணுவச் செயலாளராக அமர்த்தினார். இன்றைய மொழியில் சொன்னால் அதுவும் ஒரு பணிப்பயிற்சியே. அங்கே என்ன நடந்தது? ஏவலர்கள் கோப்புகளைக் கையில் கொடாமல் தூரத்திலிருந்து எறிந்தார்கள். அலுவலகத்தில் அருந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து, தடியேந்தி வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். உலகின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் அளித்த பட்டத்தை அந்த அலுவலகத்தின் கடைநிலை ஊழியர்கூட மதிக்கவில்லை.

இதனை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தேர்வுத் தாளில் நம் பெயரை மறைத்து எண் மட்டும் போடுகிறார்கள். திருத்துபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. பணிக்களத்திலோ நம் பெயர், ஊர், தெரு, உடை, பேச்சு யாவும் தெரியும். அங்கிருக்கும் மேலாளர் எழுதும் மதிப்பீடே மதிப்பெண்ணாக மாறுகின்றது. எண்ணுக்குப் பின்னே மறைந்திருந்த மாணவர் முதன்முறையாக முகத்தோடு மதிப்பிடப்படும் இடம் அது. ஆதலால் இவ்விடத்தில் நமக்கு விழிப்பு மிகுதியாக வேண்டும். நான் கண்ட அளவில் மூன்று தடைகள் உள்ளன.

முதல் தடை பணம். பல இடங்களில் பயிற்சிக்கு ஊதியம் கிடையாது. அதே நாட்களில் பேருந்துக் கட்டணமும் மதிய உணவுச் செலவும் உண்டு. நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் இருபது நாளில் இரண்டாயிரம் ரூபாய். விடுமுறையில் துணிக்கடையிலோ அச்சகத்திலோ கட்டட வேலையிலோ சேர்ந்து அடுத்த பருவத்துக் கட்டணத்தைச் சம்பாதிக்கும் பிள்ளைக்கு அந்த வருவாயும் போய்விடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறைப் பயிற்சி ஓர் அனுபவம். நம் பிள்ளைக்கு அது இரட்டை இழப்பு. ஆகவே பக்கத்தில் எங்கேயாவது ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று மனம் தளர்கின்றது.

இரண்டாவது தடை அறிமுகம். பயிற்சிக்கான இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று பல துறைகளில் சொல்லிவிடுகிறார்கள். தந்தை வங்கியில் இருந்தால் மகனுக்கு வங்கியில் இடம். மாமா வழக்குரைஞராக இருந்தால் மருமகனுக்கு அவருடைய அலுவலகத்தில் இடம். தந்தை சுமைதூக்கும் தொழிலாளியாக இருந்தால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதே மகளுக்குத் தெரியாது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004ஆம் ஆண்டு ஜூலை முதல் நம் மாவட்டத்திலேயே இயங்குகின்றது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கி உலகம் அறிந்த நிறுவனமாக வளர்ந்து நிற்பதும் இந்நகரில்தான். இங்கிருந்து தேனி சாலையில் மேற்கே சென்றால் பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கதவுகள் தொலைவில் இல்லை. கதவுக்குப் பின்னே நம் பிள்ளையின் பெயரைச் சொல்ல ஓர் ஆள் இல்லாததே குறை.

மூன்றாவது தடை நுட்பமானது. நம் பிள்ளையை எங்கே அனுப்புகிறார்கள் என்பது அது. எனக்குத் தெரிந்த ஒரு சமூகப்பணி மாணவி. ஊரையோ கல்லூரியையோ சொல்லத் தேவையில்லை. முதல் பருவத்தில் அவரை ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒன்றிற்கு அனுப்பினார்கள். இரண்டாம் பருவத்திலும் அத்தகைய குடியிருப்புக்கே அனுப்பினார்கள். மூன்றாம் பருவத்திலும் அதுவே என்றபோது அவர் காரணம் கேட்டார். "உனக்குப் பழக்கமான மக்கள்தானே, உனக்கு எளிதாக இருக்கும்" என்று விடை வந்தது. உடன் பயின்றவர்கள் ஆலையின் பணியாளர் துறைக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்ற வளாகத்துக்கும் சென்று வந்தார்கள். அன்போடு சொல்லப்பட்ட விடைதான். ஆயினும் சேரியில் பிறந்தவர் சேரியிலேயே பணி பயிலட்டும் என்பது, பழைய ஊர் எல்லையைப் புதிய பாடத்திட்டத்திலும் வரைவதாகும்.

அந்த மாணவி சண்டையிடவில்லை, அழவும் இல்லை. மருத்துவச் சமூகப்பணியில் தாம் பயிற்சி பெறவேண்டிய காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்தார். நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்றார். அங்கே காசநோய்க்கான சிகிச்சையை இடையில் நிறுத்திவிட்டவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்து வருவது அவருக்கு அளிக்கப்பட்ட வேலை. நோயாளிகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. இவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது, மருந்து வாங்க வரும் நாளில் பாதி நாள் கூலி போய்விடுகின்றது என்பதே காரணமாக இருந்தது. கூலி போகும் வீட்டின் நிலை என்னவென்று அறிந்த பிள்ளையாதலால், அவர்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மருந்து வழங்கும் நேரத்தைக் காலை வேலைக்கு முன்பாக வைக்கலாமா என்று தம் அறிக்கையில் எழுதினார். அந்தப் பருவத்தில் வகுப்பின் சிறந்த களப்பணி அறிக்கை அதுவாகவே அமைந்தது. நம் வாழ்வு தந்த அறிவு நமக்கு விலங்காகக் கூடாது. எந்தக் களத்திற்குச் சென்றாலும் நாம் கையில் கொண்டுசெல்லும் கருவியாக அது இருக்கவேண்டும்.

மாணவச் செல்வங்களே! இனி உங்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. மதிப்பலகு தருவது நிறுவனம் அன்று, உங்கள் கல்லூரியே. நிறுவனம் தருவது சான்றிதழும் மதிப்பீடும் மட்டும். துறையின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் நீங்களாகச் சென்று மூன்று மாதம் உழைத்துவிட்டு வந்தாலும் ஒரு மதிப்பலகும் கிடைக்காமல் போகலாம். எனவே ஒப்புதல் முதலில்; பயிற்சி பின்னர்.

இரண்டு. பயிற்சிக்குப் புறப்படுமுன் ஐந்து செய்திகள் எழுத்தில் இருக்கவேண்டும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், என்ன வேலை, அங்கே உங்களை வழிநடத்துபவர் யார், மதிப்பெண்ணை யார் எந்த விகிதத்தில் இடுவார்கள் என்பவையே அவை. உதவித்தொகை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கேட்பதில் இழுக்கு இல்லை.

மூன்று. நாட்குறிப்பு எழுதுங்கள். அன்றன்று செய்த வேலை, கற்ற செய்தி, செலவழித்த நேரம் ஆகியவற்றை அன்றிரவே எழுதி, வாரம் ஒருமுறை வழிநடத்துபவரின் கையொப்பம் பெறுங்கள். தேநீர் வாங்கி வரவும் கோப்புகளை அடுக்கவும் மட்டுமே உங்களைப் பயன்படுத்தினால் நாட்குறிப்பே அதனைக் காட்டிக்கொடுக்கும். மதிப்பெண்ணில் ஐயம் எழுந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்றும் அதுவே.

நான்கு. பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்காதீர்கள். போகாத இடத்திற்குப் போனதாக எழுதிக்கொடுக்கும் கடைகள் உண்டு. தேர்வாளர் நேர்முகத்தில் இரண்டு கேள்வி கேட்டால் அச்சான்றிதழ் வெறும் தாளாகிவிடும். பிறர் போலிச் சான்றிதழ் கொடுத்தால் அது அந்த ஒருவரின் குற்றமாகக் கருதப்படும். நம் பிள்ளை கொடுத்தால் அதைச் சமுதாயத்தின் குற்றமாகப் பேசுவார்கள். இது அநீதிதான், எனினும் அந்த வாய்ப்பை நாம் ஏன் அளிக்கவேண்டும்?

ஐந்து. பெயர்கள் ஒத்திருப்பதால் திட்டங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பெறும் பயிற்சிக்கு உதவித்தொகை சட்டப்படி உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு செய்யும் பிரிவு 1973இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024இல் மைய அரசு அறிவித்த பிரதமர் பணிப்பயிற்சித் திட்டமோ, முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உரியதாக அறிவிக்கப்படவில்லை. உங்கள் பாடத்திட்டத்திற்குள் வரும் பயிற்சி இவ்விரண்டிலிருந்தும் வேறானது. விண்ணப்பிக்குமுன் எது எதுவென்று கேட்டுத் தெளியுங்கள்.

ஆறு. ஈட்டிய மதிப்பலகுகள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். கல்வி மதிப்பலகு வங்கி என்னும் ஏற்பாட்டை மானியக் குழு 2021ஆம் ஆண்டு ஜூலையில் கொண்டுவந்தது. மாணவர் ஒவ்வொருவரும் அதில் கணக்கு தொடங்கலாம். கல்லூரி பதிவு செய்யும் மதிப்பலகுகள் அங்கே சேரும். ஏழாண்டு வரை செல்லும் என்பது விதி. வீட்டுச் சூழலால் படிப்பை இடையில் நிறுத்தி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம்மில் மிகுதி. திரும்பி வந்து தொடரும்போது, முன்பு வென்றதை மீண்டும் வெல்லவேண்டிய நிலை வராமல் இருக்க இக்கணக்கு உதவும். 2023இல் வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு, முறையாக மதிப்பிடப்பட்டால் வேலை அனுபவத்தையும் மதிப்பலகாக எண்ணலாம் என்கின்றது. இது நம்மைப் போன்றோருக்குப் பயன்படும் கதவு. அதைத் திறக்கும்படி நம் பல்கலைக்கழகங்களை நாம் கேட்கவேண்டும்.

ஏழு. பணிக்களத்தில் அவமதிப்பு நேர்ந்தால் மதிப்பெண் போய்விடுமே என்று அஞ்சி மூடி வைக்காதீர்கள். நாள், நேரம், சொல்லப்பட்ட சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை எழுதி வைத்து, துறைக்கும் கல்லூரியின் பட்டியல் இனத்தவர் பிரிவுக்கும் தெரிவியுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அலுவலக வாயிலோடு நின்றுவிடுவதில்லை. பெண்பிள்ளைகள் இன்னொன்றும் அறியவேண்டும். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி பெறுவோரையும் பணியாளராகவே எண்ணுகின்றது. நான் பயிற்சிக்கு வந்தவள்தானே, எனக்கு உரிமை உண்டா என்ற ஐயம் வேண்டாம், உண்டு.

பெரியோர்களே, இனி நம் கடமையைப் பற்றிச் சொல்லவேண்டும். மாணவரை மட்டும் தயார் செய்துவிட்டு நாம் கைகட்டி நிற்கலாகாது. சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பயிற்சிக்கால உதவி நிதி. சங்கம் இதுகாறும் தேர்வுக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் உதவியிருக்கின்றது. இனி பயிற்சி நாட்களின் பேருந்துச் செலவுக்கும் உணவுக்கும் உதவட்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றால் பத்துப் பிள்ளைகளுக்கு இருபதாயிரம். இந்த அவையில் மாதச் சம்பளம் வாங்குவோர் நூறு பேர் இருநூறு ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் அத்தொகை சேர்ந்துவிடும். 1944 முதல் நடைமுறையில் உள்ள பள்ளி மேற்படிப்பு உதவித்தொகையை மாணவர் பெறுகிறாரா, காலத்தில் கிடைத்ததா என்று பார்ப்பதும் இதனோடு சேர்ந்த வேலை.

இரண்டாவது, ஒரு பெயர்ப் பதிவேடு. இருபத்தைந்து ஆண்டுகளில் நம்மிடமிருந்து படித்துச் சென்றவர்கள் எங்கெங்கோ பணியாற்றுகிறார்கள். செவிலியர், வழக்குரைஞர், வங்கி எழுத்தர், ஆசிரியர், பொறியாளர், வருவாய்த்துறை ஊழியர் எனப் பலர் இருக்கின்றார்கள். யார் எந்த அலுவலகத்தில் இருக்கிறார், ஆண்டுக்கு எத்தனை மாணவருக்கு அங்கே பயிற்சி வாங்கித்தர முடியும் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். தகுதியற்றவருக்குப் பரிந்துரை செய்யும்படி யாரையும் கேட்கவில்லை. தகுதியுள்ள பிள்ளைக்கு எந்த அறையில் விண்ணப்பம் கொடுக்கவேண்டும் என்று வழிகாட்டுவதும், முதல் நாள் கூடச் சென்று அறிமுகம் செய்துவைப்பதும் போதும். மற்றவர்களுக்கு மாமனும் சித்தப்பனும் செய்யும் உதவியை, நம் பிள்ளைகளுக்குச் சங்கம் செய்யட்டும்.

மூன்றாவது, பயிற்சி முடித்து வருவோரின் பேச்சுக் கூட்டம். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி பெற்று வந்த மாணவர்கள் இந்தக் கூடத்தில் நின்று தாம் கண்டதைச் சொல்லட்டும். எந்த இடத்தில் நன்றாகக் கற்பித்தார்கள், எங்கே வெறுமனே உட்கார வைத்தார்கள், எங்கே மதிப்போடு நடத்தினார்கள் என்பது அடுத்த ஆண்டு செல்வோருக்குத் தெரியவேண்டும். ஒருவர் பட்ட அனுபவம் பத்துப் பேருக்குப் பாடமாகும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி தங்கையர் அதனைக் கேட்டால், தம் அக்காள் நீதிமன்றத்தில் வேலை பயின்றாள், தம் அண்ணன் ஆய்வுக்கூடத்தில் பயின்றான் என்ற எண்ணமே அவர்களைக் கல்லூரி வாயில்வரை நடத்திச் செல்லும்.

அன்பர்களே! இளைஞர்களிடம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பயிற்சிக்குச் செல்லும் இடத்தில் பணிவாக இருங்கள், தாழ்ந்து நிற்காதீர்கள். எந்த வேலையையும் சிறிதென்று தள்ளாதீர்கள். ஆனால் சிறுவேலை மட்டுமே உங்களுக்கு ஒதுக்கப்பட்டால் ஏனென்று கேளுங்கள். நேரத்திற்குச் செல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தாய் தந்தையர் ஆயிரம் மணி நேரம் உழைத்தும் பதிவேட்டில் ஏறாத அறிவு அவர்களிடம் இருந்தது. நீங்கள் முப்பது மணி நேரம் உழைத்தால் ஒரு மதிப்பலகு என்று எழுத்தில் ஏறுகின்றது. அந்த முப்பது மணியையும் முழுமையாக உழையுங்கள். அந்த ஒரு மதிப்பலகையும் முழுமையாகக் கேட்டு வாங்குங்கள்.

சங்கத்தின் பொறுப்பாளர்கள் நான் சொன்ன மூன்று வேண்டுகோள்களையும் அடுத்த செயற்குழுவில் வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக்கால உதவி நிதிக்கு என் பங்கை இன்றே பொருளாளரிடம் செலுத்திவிட்டேன். உங்களில் இயன்றவர்கள் தொடரவேண்டும்.